உதயகலா ஓடிய இருபது கிலோமீற்றர்

ஜேர்மனியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போகும் வழியில்தான் உதயகலா அந்தச் சத்தத்தை முதலில் கேட்டார். தம்பியின் மகள் தாரிகா கார் ஓடிக்கொண்டிருந்தாள். உதயகலா பக்கத்துச் சீற்றில், மடியில் பூத்தட்டோடு இருந்தார். இரண்டு பக்கமும் மலைக்காடு. அந்தக் காட்டுக்குள்ளிருந்து துணி கிழிபடுவது போல ஒரு சீறல் எழும்பியது. அது ஓய்வதற்குள் இன்னொன்று. அதற்குப் பின்னால் மூன்று நாலு ஒன்றாகச் சேர்ந்து.

"உதென்ன பிள்ளை, பிளேனோ?"

"இல்லை மாமி, கார். ரேஸ் ஓடுற றோட்டு ஒண்டு இருக்கு. நூர்பூர்க்ரிங் எண்டு சொல்லுறது."

"இண்டைக்குப் போட்டியோ?"

"போட்டி இல்லை. சனம் சும்மா ஓடுது. ரிக்கற் எடுத்தால் ஆரும் ஓடலாம்."

"ஆரும் எண்டால்?"

"லைசன்ஸ் இருக்கிற ஆரும்."

உதயகலா கண்ணாடியை இறக்கிக் காதைக் கொடுத்தார். பிறகு, "என்னட்டை லைசன்ஸ் இருக்கு" என்றார்.

மாமி பகிடி விடுகிறார் என்று நினைத்துத் தாரிகா சிரித்தாள். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கிற எங்களில் ஒருவர் அந்தக் காரில் இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உதயகலா என்ற பேர் தெரியாது. வான் அன்ரி என்றால்தான் தெரியும். வயது ஐம்பத்தெட்டு. 2010ஆம் ஆண்டிலிருந்து பள்ளிக்கூட வான் ஓடுகிறார். வெள்ளை நிற டொல்பின் வான். என் மகள் கோபிகாவும் அதில்தான் போய் வருகிறாள். காலை ஆறே முக்காலுக்கு எங்கள் படலை வாசலில் ஹோர்ன் ஒருதரம் அடிக்கும், இரண்டாந்தரம் அடிக்காது. ரயில் கடவை மூடியிருந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, பின்னால் இருக்கிற பதினாலு பேரிடமும் வாய்ப்பாடு கேட்பார். நாற்பது கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் அந்த வான் ஓடி நான் கண்டதில்லை. மதிலோரமெல்லாம் நாய், மாடு, ரியூசனுக்குச் சைக்கிளில் போகிற பிள்ளைகள்.

"உதுகள் எப்ப குறுக்காலை பாயும் எண்டு எனக்குத் தெரியும்" என்பார். "உதுகளுக்குத்தான் தெரியாது."

அவர் பிறந்தது மயிலிட்டியில். கடல் தொழில் செய்த குடும்பம். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் ஊரோடு எழும்பி ஓடி வந்தபோது அவருக்கு இருபத்திமூன்று வயது. இரண்டு மூன்று வருடம் என்று நினைத்தார்கள். ஆமி பிடித்து வைத்திருந்த ஊரைத் திரும்பிப் போய்ப் பார்க்க இருபத்தேழு வருடம் பிடித்தது. கொக்குவிலில் இருந்தபடியே சீவரத்தினத்தைக் கலியாணம் செய்தார். சீவரத்தினம் அண்ணை வயரிங் வேலை செய்கிறவர், நல்ல மனிசன். சைக்கிளைத் தவிர எதையும் ஓடத் தெரியாது.

உதயகலா வாகனம் பழகியது, யுத்தத் தடையால் பெற்றோல் வராத காலத்தில். பக்கத்து வீட்டுப் பழைய ஒஸ்ரின் கார் மண்ணெண்ணெயில்தான் ஓடும். ஸ்ராட் எடுக்கிற நேரத்துக்கு மட்டும் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட வேண்டும். அந்தத் துளிகளை விடுகிற வேலை உதயகலாவுக்குக் கிடைத்தது. துளி விட்டவர் கொஞ்ச நாளில் ஸ்ரேறிங்கிலும் ஏறிவிட்டார். பிறகு லான்ட்மாஸ்ரரில் மீன்பெட்டி ஏற்றிக்கொண்டு மருதனார்மடம் சந்தைக்குப் போனார். லான்ட்மாஸ்ரர் என்பது கையால் பிடித்து ஓடுகிற இரண்டு சில்லு உழவு இயந்திரம், பின்னால் பெட்டி பூட்டியிருக்கும். ஒரு பொம்பிளை அதை ஓடி வருகிறா என்று சந்தையில் தேங்காய் விற்றவர்கள் எழும்பி நின்று பார்த்தார்களாம். "முதல் நாள் பாத்தவை. ரண்டாம் நாள் ஆர் பாத்தது?" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

போன வருடம் ஆகஸ்ட் விடுமுறையில் தம்பி வாகீசன் ஜேர்மனிக்குக் கூப்பிட்டான். மனைவி வீட்டுப் பக்கத்தில் ஒரு கலியாணம், அதைச் சாட்டி அக்காவையும் பார்த்ததாகும் என்று. விசா வந்தவுடன் உதயகலா செய்த முதல் வேலை, கொழும்பில் சர்வதேச லைசன்ஸ் எடுத்தது.

"ஏன் உது?" என்று சீவரத்தினம் அண்ணை கேட்டார்.

"மூண்டு கிழமை ஸ்ரேறிங் பிடியாமல் இருக்க என்ரை கைக்கு ஏலாது."

கலியாணம் முடிந்த மறுநாள், கோப்லென்ஸ் நகரில் வாகீசனின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கதை தொடங்கியது. வாகீசன் அங்கே போய் முப்பத்துமூன்று வருடம். பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. மெல்லப் பேசுகிறவன், எல்லாவற்றுக்கும் காப்புறுதி எடுத்து வைத்திருக்கிறவன்.

"அக்கா, உனக்கு விசரே? அந்த றோட்டுக்கு என்ன பட்டம் தெரியுமே? பச்சை நரகம்!"

"நீ போய்ப் பாத்தனியோ?"

வாகீசன் சோற்றைப் பிசைந்தான். "இல்லை."

"முப்பத்துமூண்டு வருசம் பக்கத்திலை இருந்துபோட்டு?"

தாரிகாவுக்கு இப்போது உற்சாகம் பிடித்துவிட்டது. கைபேசியைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். "ஒரு சுத்து இருவது கிலோமீற்றருக்கு மேலை, மாமி. எழுபத்திமூண்டு வளைவு. ஏத்தம் இறக்கம் எல்லாம் சேத்து முந்நூறு மீற்றர் உயரம். முந்தி உலகப் போட்டியே இந்தச் சுத்திலைதான். எழுபத்தாறிலை உலகச் சம்பியன் ஒருத்தர் எரியிற காருக்கை அம்பிட்டு, மற்ற ஓட்டக்காரர் இழுத்தெடுத்துத் தப்பினவர். அதோடை அந்தப் பெரிய போட்டி இந்த றோட்டுக்கு வாறேல்லை. இப்ப கார் செய்யிற கொம்பனியள் புதுக்காரை இதிலைதான் சோதிக்கினம்."

"கேட்டியோ அக்கா? சம்பியனே எரிஞ்சவராம்" என்றான் வாகீசன்.

உதயகலா கேட்டது வேறு கேள்வி. "ஆர் வெட்டின றோட்டு?"

தாரிகா தேடினாள். "1925இலை தொடங்கினது. அப்ப இந்த மலைப்பக்கம் சனத்துக்கு வேலை இல்லையாம். வேலை குடுக்கிறதுக்கெண்டே தொடங்கினதாம். ஆயிரக்கணக்கிலை ஆக்கள் நிண்டு ரண்டு வருசத்திலை முடிச்சு, இருவத்தேழிலை திறந்திருக்கினம். நடுவிலை ஒரு பழைய கோட்டை இருக்கு. அதின்ரை பேர்தான் றோட்டுக்கும்."

"மலைக்காட்டுக்கை இருவது கிலோமீற்றர், ரண்டு வருசத்திலையோ?" உதயகலா வாயில் கை வைத்தார். "எங்கடை ஒழுங்கை மதகுக்கே மூண்டு மாரி போச்சு!" பிறகு தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு முடிவாகச் சொன்னார். "அப்ப உது வேலை இல்லாத சனம் வெட்டின றோட்டு. நான் ஓடலாம்."

வாகீசன் எழும்பிக் கை கழுவப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் பூட்டு. ஒரு சுப்பர்மார்க்கற்றின் வெறும் தரிப்பிடத்தில் பயிற்சி நடந்தது. தாரிகாவிடம் ஒரு சின்ன நீலக் கார் இருந்தது. அதில் ஸ்ரேறிங் இடப்பக்கம், கியர் வலக்கைக்கு. முதல் மூன்று தரமும் உதயகலாவின் இடக்கை கதவுப் பிடியில் போய் நின்றது.

"கதவைத் திறந்து குதிக்கப் போறியளோ, மாமி?"

"பொறடி. கியர் தேடுறன்."

நாலாந்தரம் கை சரியான பக்கம் போனது. அரை மணித்தியாலத்தில் வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே எட்டுப் போட்டு, பின்னோக்கியும் எட்டுப் போட்டார். தாரிகா ரிங்கின் விதிகளை வாசித்தாள். வலப்பக்கத்தால் ஓட வேண்டும். வேகமாக வருகிறவர்கள் இடப்பக்கத்தால்தான் முந்துவார்கள். ஒருவழிப் பாதை, எதிரே வாகனம் வராது. இடையில் நிறுத்தக் கூடாது. எவ்வளவு நேரத்தில் ஓடினோம் என்று மணிக்கூடு பிடிக்கக் கூடாது.

"எதிரை ஒண்டும் வராதோ?" உதயகலாவுக்கு நம்ப முடியவில்லை. "மாடும் வராதோ? அப்ப என்னடி பயம்?"

காப்புறுதிக்காரருக்கும் தாரிகா போன் எடுத்து விவரமாகக் கேட்டுக்கொண்டாள். புதன்கிழமை பின்னேரம் போவதாக முடிவாயிற்று. அன்று வேலை முடிந்து வந்த வாகீசன் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்கள் ரண்டு பேரும் எங்கையும் போய் விழுந்தால் அத்தானுக்கு நான் என்ன சொல்லுறது? நானும் வாறன்" என்று பின் சீற்றில் ஏறி, பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

நுழைவாயில் தரிப்பிடத்தில் இறங்கியபோது உதயகலாவுக்குத் திருவிழா வீதியில் இறங்கியது போல இருந்ததாம். நிலத்தோடு தேய்கிற மாதிரித் தாழ்ந்த கார்கள், பல வர்ணத்தில் மோட்டார்சைக்கிள்கள், குழந்தைச் சீற் பூட்டின குடும்பக் கார்கள், ஒரு பழைய பாண் வான்கூட. எல்லோரும் பொனற்றைத் திறந்து ஆளுக்காள் காட்டிக்கொண்டு நின்றார்கள். எண்ணெய் மணமும் ரப்பர் எரிந்த மணமும் மூக்கில் ஏறின.

உதயகலா கைப்பையைத் திறந்து நாலு எலுமிச்சம்பழம் எடுத்தார். குனிந்து நாலு ரயருக்குக் கீழும் ஒவ்வொன்று வைத்தார். ஸ்ரேறிங்கில் விபூதி பூசினார்.

"அக்கா, சனம் பாக்குது" என்று வாகீசன் பல்லைக் கடித்தான்.

பார்த்தது உண்மைதான். தோல் உடுப்பும் நரைத்த தாடியுமாக ஒரு மோட்டார்சைக்கிள்காரர் கிட்ட வந்து இது என்ன என்று கேட்டார். தாரிகா விளக்கினாள். அந்த மனிதர் தாடியைத் தடவி யோசித்தார். பிறகு இன்னும் இரண்டு இருக்கிறதா என்று கேட்டார். பையில் ஒன்றுதான் மிச்சம். அதை வாங்கி முன் சில்லுக்குக் கீழே வைத்து, பின் சில்லுக்கு என்ன செய்வது என்று கவலையோடு பார்த்தாராம்.

ஐந்தேகாலுக்குப் பாதை திறந்தது. வரிசை நகர்ந்தது. ரிக்கற் அட்டையைக் காட்டினார்கள், தடைக்கம்பு உயர்ந்தது. செம்மஞ்சள் கூம்புகளுக்கு நடுவே மெல்லப் போய் வெளியே வந்ததும் முன்னால் றோட்டு ஒரேயடியாகத் திறந்து கிடந்தது.

உதயகலா இரண்டாம் கியர் போட்டார், மூன்றாவது போட்டார். எழுபது. எண்பது. வான் ஓடுகிற பதினாலு வருடத்தில் கால் போகாத இடத்துக்குக் கால் போனது. "வலப்பக்கம், மாமி, வலப்பக்கம்!" என்றாள் தாரிகா. கண்ணாடியில் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. அடுத்த கணம் அது ஒரு காராகி இடப்பக்கத்தால் சீறிக்கொண்டு போனது. கார் ஆடியது. பிறகு ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு, ஏழு மோட்டார்சைக்கிள்கள். ஒவ்வொருவருக்கும் உதயகலா வலப்பக்கச் சிக்னலைப் போட்டு வழி விட்டார். போனவர்களில் சிலர் கையை உயர்த்தி நன்றி காட்டினார்கள். அவரும் கையை உயர்த்தினார்.

காட்டுக்குள் வளைவுகள் தொடங்கின. இடம், வலம், திரும்ப இடம். தாரில் வெள்ளைப் பெயின்ரால் ஆட்களின் பேர்களை எழுதி வைத்திருந்தார்கள், எங்கள் ஊரில் விளையாட்டுக் கழகத்துப் பொடியள் எழுதுகிற மாதிரியே. ஒரு மேட்டில் ஏறினால் அதற்கு அங்கால் றோட்டே தெரியவில்லை, வானம்தான் தெரிந்தது. வானத்துக்குள் ஓடிப் போய் இறங்கினால் பள்ளம். நரிப் பொந்து என்று பேர் வைத்திருக்கிற அந்த இறக்கம் மரங்களுக்கு நடுவே கிணறு போல விழுந்தது. யாழ்ப்பாணத்தில் மலை என்றால் கீரிமலை, அதிலும் மலை பேரில் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் உதயகலா ஒருமுறை ஆட்களை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போய், கடுகண்ணாவை இறக்கத்தில் பிறேக் சூடாகி மணந்த பாடத்தைக் கற்றிருந்தார். கியரைக் குறைத்தார். எஞ்சின் முனகியது, வேகம் அடங்கியது. அடிப்பள்ளத்தில் கார் குந்தி எழும்பியது.

பின்னால் வாகீசன் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் சொன்னான். பாதியில் வரி மறந்து திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினான்.

ஆற்றுப் பாலம் தாண்டி ஏற்றம் தொடங்கிய இடத்தில் மழை பிடித்தது. இவ்வளவு நேரமும் வெயில், ஒரு வளைவுக்கு அங்கால் மழை. உதயகலா உடனே காலை எடுத்தார். அறுபதுக்கு இறங்கினார். அந்த நேரம் ஒரு வெள்ளி நிறக் கார் பின்னால் வந்து, பொறுக்காமல் வெளிச்சத்தை அடித்து, முந்திப் பறந்தது. அடுத்த வளைவில் இவர்கள் திரும்பியபோது அது றோட்டுக்குக் குறுக்கே, இவர்களைப் பார்த்தபடி நின்றது. சறுக்கிச் சுழன்றிருக்கிறது.

தாரிகா கத்தினாள். உதயகலா கத்தவில்லை. பிறேக்கை ஒரே மிதியாக மிதிக்காமல், விட்டு விட்டு மிதித்து, நாலு மூலை அபாய விளக்கையும் போட்டு, ஒரு கார் நீளம் இடைவெளி இருக்கக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்னால் வந்தவர்களும் அந்த விளக்கைக் கண்டு தூரத்திலேயே மெதுவாக்கினார்கள். வெள்ளிக் காருக்குள் இருபத்தைந்து வயதுப் பொடியன் ஒருவன், முகத்தில் இரத்தமே இல்லாமல். காருக்குச் சேதம் இல்லை. உதயகலா கண்ணாடிக்கு இங்கால் இருந்து கையை மேலும் கீழும் அசைத்து, மெல்ல, மெல்ல என்று காட்டினார். பள்ளிக்கூட வாசலில் ஓடுகிற பிள்ளைகளுக்குக் காட்டுகிற அதே சைகை. அவன் தலையாட்டினான். காரைத் திருப்பி ஓரத்துக்கு எடுத்து, இவர்களைப் போகவிட்டு, பின்னாலேயே வந்தான். முந்தவில்லை.

"மாமி, அவன்ரை காரின்ரை எஞ்சின் எங்கடையிலும் ஆறு மடங்கு பெரிசு. அவன் எங்களுக்குப் பின்னாலை வாறான்!" தாரிகா சீற்றில் துள்ளினாள்.

"வரட்டும். வடிவாய் வரட்டும்."

மழை விட்டது. கருசெல் வந்தது. ரிங்கில் பேர் பெற்ற வளைவு அது. றோட்டின் உட்பக்கம் கொங்கிறீற்றில் கிண்ணம் மாதிரிச் சரித்துக் கட்டியிருக்கிறார்கள். விரும்பினால் மேலே சமனான பக்கத்தால் போகலாம். "மேலாலை போ அக்கா" என்றான் வாகீசன். எப்போது கண்ணைத் திறந்தான் என்று தெரியாது. உதயகலா உள்ளே இறக்கினார். கார் ஒரு பக்கம் சரிந்து, சில்லுகள் கொங்கிறீற் பாளங்களில் டகடகவென்று அடித்தன. திருவிழாவுக்கு வருகிற மரணக் கிணற்றில் மோட்டார்சைக்கிள்காரன் சுவரில் ஓடுவதை மேலே நின்று பார்த்த ஆள், இப்போது சுவரிலேயே ஓடினார். வளைவு காரை வெளியே தூக்கி எறிந்தபோது முன்னால் வானம், மரம், திரும்ப றோட்டு.

"எப்பிடி!" என்றார் உதயகலா. யாரிடம் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

அதற்குப் பிறகு உச்சி. உச்சிக்கு அங்கால் அடுத்தடுத்து மேடுகள். ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது கார் ஒரு கணம் பாரமே இல்லாமல் போனது. அப்போதுதான் பின் சீற்றிலிருந்து வந்தது, பாண் தொழிற்சாலை வாகீசனின் குரல் அல்ல, எட்டு வயது வாகீசனின் குரல்.

"விடு அக்கா! விடு! இன்னும் விடு!"

மயிலிட்டியில் அப்பு கந்தப்பு ஒரு பங்குனி மாதத்து அமைதியான கடலில், ஒரே ஒரு நாள், மகளின் கையில் எஞ்சின் பிடியைக் கொடுத்திருந்தார். முதலில் கரை பிடிக்கிறவனின் மீனுக்குத்தான் விலை என்று வள்ளங்கள் எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு வருகிற நேரம். வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் குந்தியிருந்த சின்னத் தம்பி, வள்ளம் அலையில் ஏறி விழுந்த ஒவ்வொரு தரமும் இதே மாதிரித்தான் கத்தினான். அக்காவும் தம்பியும் அதைப் பற்றிக் கதைத்து எத்தனையோ வருடம். கதைக்க ஊரும் இருக்கவில்லை, வள்ளமும் இருக்கவில்லை.

உதயகலா விட்டார். கடைசி வளைவு கழிந்து நீண்ட நேர்ப்பாதை வந்ததும் காலை அழுத்திப் பிடித்தார். நூறு, நூற்றிப்பத்து, நூற்றிமுப்பது. நீலக் கார் நடுங்கியது. மூன்று பேரும் கத்தினார்கள். தாரிகா ஜேர்மன் மொழியில் கத்தினாள், மற்ற இருவரும் மயிலிட்டியில் கத்தினார்கள். வெளியேறும் பலகையைக் கண்டு வேகத்தைக் குறைத்து, சிக்னல் போட்டு, ஒழுங்காகத் தரிப்பிடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தி, கைப்பிறேக்கை இழுத்தார். அதற்குப் பிறகுதான் சிரித்தார், கண்ணால் தண்ணீரும் வந்தது, சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

வெள்ளிக் காரும் பக்கத்தில் வந்து நின்றது. அந்தப் பொடியன் இறங்கி வந்து, இரண்டு கையாலும் அவரின் கையைப் பிடித்துக் குலுக்கி ஏதோ சொன்னான்.

"என்னவாம்?"

"எத்தினை வருசமாய் இஞ்சை ஓடுறியள் எண்டு கேக்கிறான், மாமி."

"இருவது நிமிசமாய் எண்டு சொல்லு."

தாரிகா எடுத்த படம் அன்றிரவே வட்ஸ்அப்பில் கொக்குவிலுக்கு வந்து சேர்ந்தது. பின்னால் கோட்டை, முன்னால் நீலக் கார், சேலையோடு உதயகலா. அதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் துள்ளினோம், ஒருவரைத் தவிர. சீவரத்தினம் அண்ணை போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ சொல்லவேயில்லையே" என்று கதிரையில் இருந்துவிட்டார். பிறகு அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியவரும் அவர்தான்.

செப்டெம்பரில் வான் திரும்ப ஓடத் தொடங்கியபோது, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாய் பிரதீபா, தயங்கித் தயங்கிப் படலைக்கு வந்தா. "அக்கா, குறை நினையாதேங்கோ. ரேஸ் எல்லாம் ஓடிட்டு வந்திருக்கிறியள் எண்டு கதைக்கினம். இஞ்சையும் அப்பிடி..."

"அங்கை நான் ஒருத்தரையும் முந்தேல்லைப் பிள்ளை" என்றார் உதயகலா. "என்னை எண்பது பேருக்குக் கிட்ட முந்தினவை. அத்தினை பேருக்கும் வழி விட்டனான். ஒருத்தரோடையும் முட்டேல்லை. ஏத்திவிடு பிள்ளையை, நேரம் போகுது."

பிரதீபா பிள்ளையை ஏற்றிவிட்டா. வான் நாற்பதில் போனது.

வாகீசனின் கதைதான் எல்லோருக்கும் ஆச்சரியம். எல்லாவற்றுக்கும் காப்புறுதி எடுக்கிற அந்த மனிதன் அடுத்த புதன்கிழமையே திரும்பவும் போனான், அக்காவோடு. அதற்கடுத்த புதனும் போனான், இந்தமுறை ஸ்ரேறிங்கில் அவன். உதயகலா ஊருக்கு வந்த பிறகு வருடத்துக்குரிய அட்டையே எடுத்துவிட்டான். இப்போது சனிக்கிழமைகளில், கொக்குவிலில் ரியூசன் பிள்ளைகளை இறக்கிவிட்டு வானைக் கழுவுகிற நேரம், ரிங் தரிப்பிடத்தில் நின்றபடி வாகீசன் போன் அடிப்பான். உதயகலா வாளியை வைத்துவிட்டு, ஈரக் கையால் ஸ்பீக்கரைத் தட்டுவார். ஒழுங்கையில் நிற்கிற எங்களுக்கும் கேட்கும்.

"அக்கா, இண்டைக்குக் கருசெல்லுக்கை ஒரே ஈரம். மேலாலை போகவோ, உள்ளுக்கை இறக்கவோ?"

"எந்தக் கியரிலை வாறாய்?"

"மூண்டு."

"ரண்டுக்குப் போட்டு உள்ளுக்கை இறக்கு. பயப்பிடாதை. இறக்கினால் இறக்கினதுதான், நடுவிலை பிறேக் பிடியாதை. கேக்குதோ? ஓடி முடிச்சுப்போட்டு உடனை எடு, நான் போனோடைதான் நிக்கிறன்!"